தண்ணீர் வந்த வழியே சுக்ஸ்பிட்ஸேவுக்கு

முதல் நாள்: மியூனிக் – பார்ட்னாக் – ரைன்டால்

மியூனிக்கில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஈசார் ஆற்றங்கரை வந்துவிடும். ஆகஸ்ட் வெயிலிலும் அந்தத் தண்ணீரில் கால் வைத்தால் கணுக்காலுக்குள் ஊசி ஏற்றியதுபோல் குத்தும். இந்தக் குளிர் எந்த மலையிலிருந்து இறங்கி வருகிறது என்று சென்ற மாதம் மகள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் தடம் பிடித்தாள். ஈசாரின் தலைப்பகுதி ஆஸ்திரியாவின் கார்வெண்டல் மலைகளில் இருக்கிறது. ஆனால் அது நகரத்தை அடையுமுன் வொல்ஃப்ராட்ஸ்ஹவுசன் என்ற ஊருக்கருகே லோய்சாக் ஆறு அதில் கலக்கிறது. அந்த லோய்சாக்கில் கார்மிஷ்-பார்ட்டென்கிர்ஷனில் பார்ட்னாக் என்ற சிற்றாறு கலக்கிறது. அந்தப் பார்ட்னாக்கோ, ஜெர்மனியின் மிக உயர்ந்த மலையாகிய சுக்ஸ்பிட்ஸேயின் முதுகில் விழும் மழையையும் பனியையும் சுமந்து வருகிறது. அவள் விரல் 2962 மீட்டர் என்ற எண்ணில் போய் நின்றது. கேபிள் காரில் ஏறினால் பத்து நிமிடத்தில் எட்டிவிடக்கூடிய அந்த உச்சிக்கு, தண்ணீர் வந்த வழியிலேயே எதிர்த்திசையில் நடந்து போய்ப் பார்ப்பது என்று அன்றே முடிவு செய்தோம். இருபது கிலோமீட்டருக்கு மேல் நடை, இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், மூன்று நாள்.

செப்டம்பர் மாதத்தின் முதல் பாதி. காலை ரயிலில் கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில் கார்மிஷ்-பார்ட்டென்கிர்ஷனில் இறங்கியபோது மேகம் தாழ்ந்திருந்தது. மலை கண்ணில் படவில்லை. அது இங்கே வழக்கமான வரவேற்புதான். ஆல்ப்ஸில் 4800 மீட்டரைத் தாண்டும் மலையும் உண்டு என்பதால் உயரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சுக்ஸ்பிட்ஸேக்குப் பெரிய மதிப்பு இல்லை. அதன் தனித்தன்மை அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஆல்ப்ஸின் வடக்கு விளிம்பில், சமவெளிக்கு முகம் காட்டியபடி, 708 மீட்டர் உயரத்திலுள்ள இந்த ஊரின் தலைக்கு மேல் 2250 மீட்டர் ஒரே தாவலாக எழுகிறது. அட்லாண்டிக்கிலிருந்தும் வட கடலிலிருந்தும் ஈரத்தோடு வரும் காற்றுக்கு வழியில் பெரிய தடை எதுவும் கிடையாது. முதலில் முட்டுவது இந்தச் சுவரில்தான். முட்டிய காற்று மேலேறிக் குளிர்ந்து தன் சுமையை இங்கேயே இறக்கி வைத்துவிடுகிறது. உச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழையும் பனியும் விழுவதற்கு இதுவே காரணம். இந்த மலைத்தொடருக்கு வெட்டர்ஸ்டைன் என்று பெயர். சொல்லைப் பிரித்தால் வானிலைக் கல் என்று பொருள் வரும். பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

1936ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்குக்காகப் பெயர் பெற்ற பனித்தாவல் மேடையைத் தாண்டி அரைமணி நேரம் நடந்ததும் பார்ட்னாக் மலையிடுக்கு தொடங்குகிறது. 700 மீட்டர் நீளம், சில இடங்களில் 80 மீட்டர் ஆழம். பாறையைக் குடைந்து அமைத்த ஒற்றையடிப் பாதையில், இடுப்பளவு கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, தலையில் சொட்டும் தண்ணீரோடு நடக்க வேண்டும். பக்கத்தில் ஆறு பால் கலந்த பச்சை நிறத்தில் இரைகிறது. காதருகே வாய் வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்கும். கெட்டியான சுண்ணாம்புப் பாறையை ஆறு கத்தியால் கீறியதுபோல் கீறியிருப்பதால்தான் இவ்வளவு ஒடுக்கம். இடுக்கைக் கடந்ததும் பாறையின் இனம் மாறி, இளகிய களிப்பாறைகள் தொடங்குகின்றன. அங்கே அதே ஆறு பள்ளத்தாக்கை விரித்துப் போட்டிருக்கிறது. பாறை கெட்டியானால் ஆறு ஒடுங்கும், பாறை இளகினால் ஆறு அகலும் என்பதை ஒரே கிலோமீட்டருக்குள் இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 1991 ஜூன் மாதம் இங்கே பாறைச் சுவர் ஒன்று சரிந்து ஆற்றையே அடைத்துவிட்டது; பிறகு பாதையைப் புதிதாகக் குடைந்தார்கள்.

அதன்பின் மணிக்கணக்காக ரைன்டால் பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தான சுவர்கள். தெற்கே ஹோக்வானர் மலையின் வடமுகம் மட்டும் 1400 மீட்டர் உயரம். பழைய படங்களில் இந்த வழியில் நீலக்கண்ணாடிபோல் ஒரு சிறிய ஏரி தெரியும். எப்போதோ சரிந்த பாறைகள் ஆற்றைத் தடுத்ததால் பிறந்த ஏரி அது. 2005 ஆகஸ்டில் கொட்டிய பெருமழையில் மேலிருந்து வந்த கல்லும் மண்ணும் அதை நிரப்பிவிட்டன. இன்று அங்கே வெண்மையான சரளைக்கல் மைதானம் ஒன்றுதான் இருக்கிறது. அதன் நடுவே ஆறு நான்கைந்து இழைகளாகப் பிரிந்து, எந்த வழியே போவது என்று தயங்குவதுபோல் ஓடுகிறது. ஒரே இரவில் ஒரு ஏரி போய்விடும் என்பதை மகள் நம்பவில்லை. கரையில் பாதி புதைந்து பட்டுப்போய் நின்ற ஊசியிலை மரங்களைக் காட்டினேன்.

இரவு தங்கல் 1370 மீட்டரில் உள்ள ரைன்டாலாங்கர் விடுதியில். கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. ஈரச் செருப்புகளும் காலுறைகளும் காயும் அறையின் வாசனை சாப்பாட்டு மேசை வரை வந்தது. எட்டரை மணிக்கு மழை தொடங்கியது.

இரண்டாம் நாள்: ஊற்று – க்னோர் விடுதி

விடிந்தும் மழை நிற்கவில்லை. மழைக்காற்சட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தது என் தவறு; பத்து நிமிடத்தில் தொடை வரை நனைந்துவிட்டது. விடுதியிலிருந்து சற்றுத் தொலைவு ஏறினால் பார்ட்னாக் ஊற்று. ஊற்று என்றதும் சுனைபோல் மெல்லக் கசியும் என்று நினைத்திருந்தேன். பாறைச் சரிவின் அடியிலிருந்து முழு ஆறே பீறிட்டுக்கொண்டு வெளியே வருகிறது. வெளிவந்த இடத்திலேயே இறங்கிக் கடக்க முடியாத அளவுக்கு விசை. அதற்கு மேலே ஓடையும் இல்லை, ஈரத்தடமும் இல்லை, கல் மட்டும்தான்.

"அப்பா, மேல இருந்துதானே தண்ணி வரணும்? மேல ஒண்ணுமே இல்லையே!"

இந்த மலையைப் புரிந்துகொள்வதற்கு அந்தக் கேள்வி ஒன்றே போதும். சுக்ஸ்பிட்ஸேயின் மேற்பகுதி முழுவதும் வெட்டர்ஸ்டைன் சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன், வெப்பமண்டலக் கடலின் ஆழமற்ற பரப்பில் பாசிகளும் பவளம்போன்ற உயிர்களும் விட்டுச்சென்ற சுண்ணாம்பு படிந்து படிந்து உருவான பாறை அது. ஆப்பிரிக்க நிலத்தட்டு வடக்கே தள்ளியதில் கடலடி வானத்துக்கு ஏறிவிட்டது. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பை அரிக்கிறது. விரிசல் துளையாகி, துளை குழாயாகி, குழாய் குகையாகிவிட்டபின் மேற்பரப்பில் தண்ணீர் நிற்பதற்கு இடமே இல்லை. விழுந்த துளி விழுந்த இடத்திலேயே உள்ளே போய்விடுகிறது. ஆனால் இந்தச் சுண்ணாம்பு அடுக்குக்குக் கீழே நீர் புகாத பழைய அடுக்கு ஒன்று இருக்கிறது. அது தொட்டிபோல் குழிந்து கிழக்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால், மேலே பல சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் அத்தனை தண்ணீரும் மலையின் வயிற்றுக்குள்ளேயே ஒன்றுகூடி, இந்த ஒரு வாயில் வழியாக வெளியே வருகிறது. மேலே பள்ளங்களில் சாயத்தைக் கரைத்துவிட்டு அது இங்கே வெளிப்படுவதைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் இதை உறுதி செய்தார்கள்.

ஆக, நாங்கள் பின்தொடர்ந்து வந்த ஆறு இங்கே எங்களை விட்டுவிட்டது. இனி அது எங்கள் காலடியில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்போடு ஏற வேண்டியதுதான்.

ஏற்றம் செங்குத்தானது. ஊசியிலைக் காடு மெலிந்து, பிறகு மரம் என்று சொல்லத்தக்க எதுவுமின்றி, மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும் குட்டைப் பைன் புதர்கள் மட்டும் நின்றன. பனிச்சரிவு அவற்றின் மேல் உருண்டு போகும்போது அவை வளைந்து கொடுக்கின்றன. நிமிர்ந்து நின்ற மரம் முறிந்துபோகிறது. 'சுக்ஸ்பிட்ஸே' என்ற பெயரே பனிச்சரிவு பாயும் தடங்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

ஏறத்தாழ 1900 மீட்டரில் மழையின் சத்தம் நின்றது. மழை நின்றுவிட்டது என்று தலையுறையைத் தள்ளிப் பார்த்தால், பெய்வது பனி. ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் சராசரியாக 0.6 டிகிரிக்குமேல் வெப்பம் குறைகிறது என்பதைப் பாடத்தில் படித்திருக்கலாம்; இங்கே அதைச் சட்டைக் கையில் பார்க்க முடிந்தது. இருபது படி கீழே கையில் விழுந்தது துளி. இங்கே விழுந்தது ஆறு முனையுள்ள ஒரு பூ. அது இரண்டு வினாடி அப்படியே இருந்து, நடுவில் ஒரு முத்தாக உருகிச் சுருங்கியது. பனியாய் இருந்ததற்கும் தண்ணீராய் ஆனதற்கும் நடுவே தெளிவான கோடு எதுவும் இல்லை. ஐம்பது மீட்டர் தடிமனுள்ள ஒரு குழப்பமான அடுக்குதான் இருந்தது. பெருமழையின்போது உருகும் பனி சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் இந்த அடுக்கு இன்னும் கீழே இறங்குவதும் உண்டு. செப்டம்பரில் பனியா என்று மியூனிக்கில் கேட்பார்கள். இந்த உயரத்தில் பனி விழாத மாதம் என்று ஒன்றும் கிடையாது.

2051 மீட்டரில் க்னோர் விடுதி. கணப்பருகே காற்சட்டையைக் காயவைத்தேன். இன்று இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை, விரல் வளையவில்லை.

மூன்றாம் நாள்: ப்ளாட் – பனியாறு – உச்சி

இரவோடு குளிர்முகப்பு, அதாவது மழையைக் கொண்டுவந்த குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்து போய்விட்டது. காலையில் கதவைத் திறந்தால் கண் கூசும் நீலம். கீழே ரைன்டால் முழுவதும் பஞ்சு அடைத்ததுபோல் மூடுபனி. தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிட, கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கில் போய்த் தேங்குகிறது. அதற்குமேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்கிறது. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் கீழே நகரங்கள் பகல் முழுவதும் சாம்பல் நிறத்தில் கிடக்க, மலையுச்சி வெயிலில் குளிப்பது இதனால்தான். நூறு மீட்டருக்கு இவ்வளவு குறையும் என்ற நேற்றைய கணக்கு இன்று காலை தலைகீழாகிவிட்டது.

விடுதிக்கு மேலே விரிவது சுக்ஸ்பிட்ஸேயின் 'ப்ளாட்' என்னும் மேட்டுநிலம். 2000 மீட்டரிலிருந்து 2600 மீட்டருக்குமேல் வரை படிப்படியாக உயரும் ஒரு மாபெரும் கல்தட்டு. மூன்று பக்கமும் முகடுகள், கிழக்கே மட்டும் திறப்பு. பத்து சென்டிமீட்டர் புதுப்பனி குழிகளையும் பிளவுகளையும் மூடி மறைத்திருந்ததால் கோலால் தட்டித்தட்டி நடந்தோம். ஓர் இடத்தில் மகள் குனிந்து காதை வைத்தாள். பனியின் அடியில் எங்கோ ஆழத்தில் தண்ணீர் போகும் சத்தம் கேட்பதாகச் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அவள் காது நல்ல காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தட்டு முழுவதும் ஒரே பனியாறாக, ஏறத்தாழ 300 ஹெக்டேர் பரப்பில் கிடந்தது. பின்னர் அது சுருங்கி, வடக்குத் துண்டும் தெற்குத் துண்டும் தனித்தனியாக நின்றன. தெற்குத் துண்டில் 2018இல் 10 மீட்டர்வரை பனிக்கட்டி இருந்தது. 2022 கோடையில் அளந்தபோது மிகத் தடித்த இடத்திலேயே 6 மீட்டரைத் தொடவில்லை, பரப்பு ஒரு ஹெக்டேருக்கும் கீழே போய்விட்டது. அந்த அளவு பனிக்கட்டி தன் கனத்தால் தானே நகராது. நகராதது பனியாறும் ஆகாது. அதே செப்டம்பரில் பவேரிய அறிவியல் கழகம் அதைப் பனியாறுகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. வடக்குத் துண்டு இன்னும் இருக்கிறது. அதன் ஓரத்தில் நின்று பார்த்தோம். புதுப்பனியின் வெள்ளைக்குக் கீழே, பழைய பனிக்கட்டி சாம்பலும் பழுப்புமாய், சரளைக்கல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. தெற்குக்காற்று சில நாட்களில் சஹாரா பாலைவனத்தின் தூசியையும் இங்கே கொண்டுவந்து படியவிடுகிறது. நிறம் கறுக்கக் கறுக்க வெயிலை அதிகம் விழுங்கி, இன்னும் விரைவாக உருகுகிறது. 1993 முதல் 2012 வரை கோடைதோறும் அதன் ஒரு பகுதியைப் பெரிய தார்ப்பாய்களால் போர்த்திப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். முகட்டின் மறுபுறம் ஹோல்லென்டால் பனியாறு மட்டும் ஆழமான நிழலுக்குள் ஒதுங்கி, சுற்றிலுமுள்ள சுவர்களிலிருந்து சரியும் பனியை உணவாகக் கொண்டு கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது.

பனியாற்றுக்கு மேலே பாறைச் சுவரில் ஒட்டிவைத்த பெட்டிபோல் தெரிவது ஷ்னேஃபெர்னர் இல்லம், 2650 மீட்டர். ஒருகாலத்தில் அது சொகுசு விடுதி. 1965 மே 15 அன்று அதன் வெயில்மாடத்தில் அமர்ந்திருந்தவர்கள்மேல் பனிச்சரிவு பாய்ந்ததில் 10 பேர் இறந்தார்கள். இன்று அது சுற்றுச்சூழல் ஆய்வு நிலையம். தொழிற்சாலைப் புகை எட்டாத இந்த உயரக் காற்றை நாள் முழுவதும் உறிஞ்சி அளந்துகொண்டிருக்கிறது.

ப்ளாட்டிலிருந்து உச்சிக்கு இன்னும் ஏறக்குறைய 350 மீட்டர். வழக்கமாக இரும்புக் கயிற்றைப் பிடித்தபடி முகட்டில் ஏறுவார்கள். புதுப்பனியில் கயிறு உறைந்திருந்தது; என்னுடைய கையுறையோ கம்பளி. பதினைந்து வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு அதில் ஏறுவது அறிவல்ல என்று, கடைசித் துண்டுக்கு மட்டும் பனியாற்றுக் கேபிள் காரில் ஏறினோம். மகளுக்கு அதில் வருத்தம்தான்.

1820 ஆகஸ்ட் 27 அன்று இந்த உச்சியை அடைந்த யோசஃப் நௌஸும் நாங்கள் வந்த ரைன்டால் வழியாகத்தான் வந்தார். பவேரிய அரசுக்கு நில அளவை செய்துகொண்டிருந்த ராணுவ அதிகாரி அவர். உச்சியில் இடியும் பனிமழையும் சேர்ந்து அடித்ததால் கோலில் ஒரு துணியைக் கட்டி நட்டுவிட்டு விரைந்து இறங்கினார். அவர் கண்ட மலைக்கு மூன்று உச்சிகள் இருந்தன. நடு உச்சி 1930இல் கேபிள் கார் நிலையத்துக்காகப் போய்விட்டது. மேற்கு உச்சியை ராணுவ விமானக் கட்டுப்பாட்டு நிலையம் கட்டுவதற்காக 1938இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள், நிலையமோ கட்டப்படவே இல்லை. பொன்முலாம் பூசிய சிலுவை நிற்கும் கிழக்கு உச்சி ஒன்றுதான் மிச்சம். கான்கிரீட் மேடையிலிருந்து அதைப் பார்த்தபோது, மலையுச்சியில் நிற்கிறேனா, ரயில் நிலையத்தின் மொட்டைமாடியில் நிற்கிறேனா என்று ஒரு கணம் புரியவில்லை. எல்லைக்கோடு உச்சியின் மேலேயே போகிறது. ஜெர்மனி கடல்மட்டத்தை ஆம்ஸ்டர்டாமிலிருந்து கணக்கிடுகிறது, ஆஸ்திரியா இத்தாலியின் ட்ரியெஸ்ட் துறைமுகத்திலிருந்து. ஆகவே ஒரே பாறையின் உயரத்தில் இரு நாடுகளுக்கும் 27 சென்டிமீட்டர் வேறுபாடு.

கூட்டம் கடைசிக் கேபிள் காரில் இறங்கிவிட, உச்சியை ஒட்டிய மியூனிக் இல்லத்தில் தங்குபவர்கள் மட்டும் எஞ்சினோம். அதன் பக்கத்திலேயே மரத்தகடு போர்த்திய வானிலைக் கோபுரம் இருக்கிறது. 1900 ஜூலை 19 அன்று தொடங்கிய அளவைகள், போர் முடிந்த 1945 கோடையில் மூன்று மாதம் தவிர, இன்றுவரை விட்டுப்போகவில்லை. முதல் குளிர்காலத்தை இங்கே தனியாகக் கழித்தவர் யோசஃப் என்சென்ஸ்பெர்கர். பிறகு தென்முனைப் பயணக்குழுவில் சேர்ந்து, 1903இல் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலுள்ள கெர்குலென் தீவில் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயால் இறந்தார்; வயது முப்பதை எட்டவில்லை. இந்தக் கோபுரத்தின் குறிப்பேடுகளைப் புரட்டினால் மலையின் குணம் தெரியும்: 1940 பிப்ரவரி 14 அன்று மைனஸ் 35.6 டிகிரி, 1957 ஜூலை 5 அன்று 17.9 டிகிரி, 1944 ஏப்ரலில் 8.3 மீட்டர் பனி; 1985 ஜூன் 12 அன்று மணிக்கு 335 கிலோமீட்டர் காற்று. இந்த உச்சங்களைவிட என்னை அதிகம் நிறுத்தியது ஒரு சாதாரண எண். 1961 முதல் 1990 வரையிலான ஆண்டுச் சராசரி மைனஸ் 4.8 டிகிரி. அதற்குப் பிந்தைய முப்பதாண்டுச் சராசரி ஏறத்தாழ ஒரு டிகிரி மேலே போய்விட்டது.

அந்த ஒரு டிகிரி கீழே இருக்கும் நகரத்துக்கு ஒன்றுமில்லை. இங்கே அப்படி அல்ல. ஆண்டுச் சராசரி உறைநிலைக்குக் கீழே இருப்பதால் பாறையின் உட்புறம் கோடையிலும் உருகாமல் உறைந்தே கிடக்கிறது. பிளவுபட்ட சுண்ணாம்புத் துண்டுகளுக்கு நடுவே புகுந்து உறைந்த தண்ணீர்தான் வடமுகத்தின் பல இடங்களில் சாந்தாக இருந்து கல்லையும் கல்லையும் பிடித்துவைத்திருக்கிறது. வெயில் படும் தென்புறத்தில் அது இல்லை, வடபுறத்தில் இருக்கிறது. 2007இல் உச்சிக்குக் கீழே பாறையைத் துளைத்து வெப்பமானிகளை வைத்திருக்கிறார்கள். முகட்டுக்குள் செல்லும் பழைய சுரங்கத்தில் பாறையினூடே மின்சாரம் செலுத்தி, எவ்வளவு உறைந்திருக்கிறது, எவ்வளவு இளகியிருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். உறைந்த பாறையில் மின்சாரம் எளிதில் ஓடாது; ஈரப்பாறையில் ஓடும். ஆண்டுக்கு ஆண்டு எளிதாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இரவு உணவுக்குப் பிறகு மகள் பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்தாள். வீட்டில் தட்டையாக இருந்த பொட்டலம் தலையணைபோல் உப்பியிருந்தது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஏழு பங்கு அளவே. தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, ஆகவே தேநீர் சாயம் இறங்காமல் வெளுத்தே கிடந்தது. படி ஏறினால் என் மூச்சு வாங்கியது. வெளியே மைனஸ் 5 டிகிரி. கீழே மூடுபனியின் அடியில் கார்மிஷின் விளக்குகள் மட்டும் பாலில் விழுந்த குங்குமப்பூபோல் மங்கலாகத் தெரிந்தன.

நான்காம் நாள்: ஃபோன் காற்று – ஐப்ஸே

ஆறு மணிக்கு எழுப்பியது குளிர் அல்ல, காற்று. இரவோடு இரவாகத் திசை தெற்காகிவிட்டது. கதவைத் திறந்தால் நேற்றைவிட வெதுவெதுப்பு. கைப்பிடிச் சுவரிலிருந்த பனி சொட்டிக்கொண்டிருந்தது. தெற்கே, ஆல்ப்ஸின் முதுகெலும்பான பெருமுகட்டின் மேல், மதில்போல் ஒரு மேகச்சுவர் அசையாமல் நின்றது. அதற்கு இப்பால் ஒரு துணுக்கு மேகமும் இல்லை. இதுதான் இந்தப் பகுதியினர் தலைவலிக்கும் எரிச்சலுக்கும் காரணம் காட்டும் ஃபோன் காற்று. இத்தாலியப் பக்கத்தில் ஈரக்காற்று ஏறும்போது மேகமாகி மழையாகக் கொட்டிவிடுகிறது. மேகம் உருவாகும்போது வெளியாகும் வெப்பத்தால் அது மெதுவாகவே குளிர்கிறது. ஈரத்தை இழந்து வடக்கே இறங்கும்போது நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் விரைவாகச் சூடேறுகிறது. ஏறியபோது கொடுத்ததைவிட இறங்கும்போது அதிகம் வாங்கிக்கொள்ளும் இந்தக் காற்று, வறண்டது என்பதால் தொலைவையும் பக்கத்தில் கொண்டுவந்துவிடுகிறது. சூரியன் எழுந்ததும் நான்கு நாடுகளின் சிகரங்கள் ஒவ்வொன்றும் கத்திமுனைபோல் துலங்கின. வடக்கே 90 கிலோமீட்டர் தொலைவில் எங்கள் நகரம் இருக்கும் திசையில் சமவெளி வெளுத்துக் கிடந்தது. மலையின் நிழல் ஒரு முக்கோணமாக மேற்கே நீண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கியது. மஞ்சள் அலகுள்ள ஆல்ப்ஸ் காக்கைகள் சிறகடிக்காமலே காற்றில் நின்றபடி எங்கள் ரொட்டியைக் கண்காணித்தன.

காற்று வலுத்தால் கேபிள் கார் நின்றுவிடும் என்று விடுதிக்காரர் சொன்னதால் முதல் பெட்டியிலேயே இறங்கினோம். 2017 டிசம்பரில் திறந்த பாதை இது. நடுவே ஒரே ஒரு எஃகுக் கோபுரம், 127 மீட்டர் உயரம். அதற்கும் உச்சிக்கும் இடையே 3213 மீட்டர் கம்பி எந்தத் தாங்கலும் இல்லாமல் தொங்குகிறது. மூன்று நாள் ஏறியது பத்து நிமிடத்தில் கழன்றது. வெறும் பாறை, குட்டைப் பைன், ஊசியிலைக் காடு, இலையுதிர் மரம் என்று, நாங்கள் வந்த அதே வரிசை பின்னோக்கி ஓடியது. மூன்று முறை காது அடைத்துத் திறந்தது.

கண்ணாடித் தரையோடு ஒட்டி நின்ற மகள் வடமுகத்தில் ஒரு பெரிய குடைவைக் காட்டினாள். யாரோ கரண்டியால் அள்ளியதுபோல் இருந்தது. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து குறைந்தது 20 கோடி கன மீட்டர் பாறை பெயர்ந்து விழுந்தது. அதற்குமுன் இருந்த வெப்பமான காலத்தில் பாறைக்குள் உறைந்திருந்த சாந்து இளகியதே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். விழுந்த பாறைதான் கீழே கிடக்கும் ஐப்ஸே ஏரிக்குப் படுகை அமைத்தது.

973 மீட்டரில் அந்த ஏரியின் கரையில் பெட்டியை விட்டு இறங்கியபோது சட்டை மட்டும் போட்டால் போதும் என்ற வெயில். தண்ணீர் பச்சைக் கண்ணாடி. நடுவே பைன் மரங்களோடு எட்டுச் சிறு தீவுகள். அத்தனையும் அன்று விழுந்த பாறைக் குவியலின் தலைகள். சுற்றி வந்து பார்த்தோம். ஏரியிலிருந்து ஒரு வாய்க்கால்கூட வெளியே போகவில்லை. இங்கும் தண்ணீர் கல்லுக்கடியில் நுழைந்துதான் லோய்சாக்குக்குப் போகிறது. மகள் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினாள். முழங்கால் அளவு போய் நின்று, "ஈசார் அளவுக்கு இல்லப்பா, இது வெதுவெதுன்னு இருக்கு" என்றாள். நானும் இறங்கினேன். காலடியில் தட்டுப்பட்ட கல்லை எடுத்துப் பார்த்தேன்: சாம்பல்வெள்ளைச் சுண்ணாம்பு, ஒரு முனை உடைந்து கூராக, மறுமுனை அலை தேய்த்து வழவழப்பாக. எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துவிட்டு அங்கேயே போட்டேன். ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது.